மெடிக்கல் போர்டில் ஒரு சுஜூது

என் கணவர் முக்தார் பதினெட்டு வருடம் இராணுவத்தில் இருந்தவர். பங்கர் குழித் தண்ணீரில் கிடந்து வாங்கிய மூட்டுவாதம் இரண்டு முழங்காலையும் தின்றுவிட்டது. வீம்பு மட்டும் துளியும் குறையவில்லை. போன வருடம் மெடிக்கல் போர்டில், "யாருடைய உதவியாவது தேவையா?" என்று கேட்டதற்கு, நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை சேர், எல்லாம் நானே செய்வேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கவீனக் கொடுப்பனவு இல்லையென்று ஆகிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பார்த்த வாச்சர் காவல் வேலையும், மலை ஏற முடியாமல், போன மாதத்தோடு சரி. இன்றைக்கு அப்பீல். இதுவும் போனால் வேறு வழியில்லை.

மாவனல்லையில் பஸ் ஏறியதிலிருந்து அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன்.

"ஏலாதத ஏலாது எண்டு சொல்லுங்க. வெக்கப்பட வாணாம்."

"தெரியும் சுமைரா. சும்மா வாங்க."

போர்டில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு என் கணவரின் நெற்றியைப் பார்த்தார். அங்கே தொழுகைத் தழும்பு கறுத்துக் கிடந்தது.

"தரையில் விழுந்தா தொழுகிறீர்கள்?" சிங்களத்தில் கேட்டார்.

கதிரையில் உட்கார்ந்து தொழலாம் என்று மௌலவியே சொல்லியிருந்தார். இந்த மனுஷன் கேட்டால்தானே!

"ஆமாம் சேர், தரையில்தான்." பொய்யும் சொல்ல வராது.

"அப்படியென்றால் முழங்கால் மடங்குகிறது. செய்து காட்டுங்கள்."

மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சுஜூதில் நெற்றி சீமெந்துத் தரையைத் தொட்டது. அப்புறம் எழும்பவில்லை. கையை ஊன்றினார், சரிந்தார். மறுபடி ஊன்றினார்.

"உதவி வேண்டுமா?" என்றார் டாக்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை ஊன்றிப் பார்த்தார். பாழாய்ப்போன ரோஷம்! ஒவ்வொரு சுபஹுத் தொழுகைக்கும் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்குகிறவள் நான். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டுமா, வேண்டாமா?"

"சுமைரா..." தரையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு எழும்ப ஏலா. தூக்குங்க."

டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தரையில் கிடந்தபடியே அவர் அதைச் சிங்களத்திலும் சொன்னார்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். டாக்டர் வெகுநேரம் எழுதினார். "சிபாரிசு செய்திருக்கிறேன். கிடைக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "இப்ப சந்தோஷமா?"

அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது.