அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்யும் என் அக்காவிடமிருந்து எடுத்தது. அவளுக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. "எழுதித் தொலை. ஆனா என்னைக் குண்டுன்னு மட்டும் எழுதாத" என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தாள்.

அக்கா பதினான்கு வருஷமாக ஸ்கேன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். இந்தப் பக்கம் இவள் அடித்துக்கொண்டே வருவாள். மனித உடம்பை அவள் காதால்தான் அறிவாள். கேட்ட சொற்களில் அவளுக்குப் பிடித்தவை, ஒளிந்திருப்பவற்றுக்கும் சரியாகத் தெரியாதவற்றுக்கும் உள்ள சொற்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அவற்றை எனக்கு விளக்கினாள்.

"அக்கல்ட்டுன்னா இருக்கு, ஆனா ஒளிஞ்சிருக்கு. அப்ஸ்க்யூர்டுன்னா முன்னாடி ஏதோ மறைக்குது. பாதி நேரம் வயித்துல இருக்கற காத்துதான். இல்-டிஃபைன்டுன்னா ஆள் இருக்கு, ஓரம் எங்க முடியுதுன்னு தெரியல. ஃபெயின்ட்டுன்னா மங்கல். ஈக்விவோகல்னா டாக்டருக்கே சந்தேகம், அடுத்த டாக்டர் தலையில கட்டுறாரு."

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'தெரியவில்லை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை காலம் தள்ளியவன் நான். தெரியாததிலேயே இத்தனை வகை இருக்கிறது என்பது, பழகிய வீட்டுக்குள் நான் நுழையாத ஐந்து அறைகள் இருப்பதாகச் சொன்னதுபோல் இருந்தது.

2

முதல் தொடக்கம்:

மேசைமேல் படுத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. அவள் முகம்

(அடித்துவிட்டேன். அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்:

ஒரு ஊரில் ஒரு தட்டச்சுக்காரி இருந்தாள். பிறர் வீட்டுச் செய்தியையே அடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் தன் வீட்டுச்

(சுற்றி வளைக்கிறேன். பயந்தால் எனக்கு இப்படித்தான் வரும்.)

மூன்றாவது:

படுத்திருந்தவள் என் மனைவி. ஆறு வாரக் கர்ப்பம். டாக்டர் வெகுநேரம் பேசாமல் திரையைப் பார்த்தார். பிறகு கரு தங்கும் பையின் அளவு சொன்னார். அதற்குள் ஒரு பருக்கை அளவுகூட இல்லாத கருவின் அளவு சொன்னார். கடைசியாக, இதயத் துடிப்பு நாட் விஷுவலைஸ்டு என்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் அக்கா அதை அடித்தாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கணவர்களை உள்ளே விடுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, போன கர்ப்பத்தின்போது, இதே அறையில் வேறு சொல் வந்தது: அப்சென்ட். அதையும் அக்காதான் அடித்தாள். அதன் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

3

இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று சாயங்காலமே அக்காவிடம் கேட்டேன்.

"அப்சென்ட்டுன்னா இல்லடா. இதுன்னா, நாங்க பாத்தோம், எங்க கண்ணுக்குப் படல. அவ்ளோதான். இல்லன்னு சொல்றதுக்கு இன்னும் நேரம் வரல. அதான் பத்து நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

'நாட் விஷுவலைஸ்டு' என்ற அந்த இரண்டு சொற்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன், மனதுக்குள்தான். அத்தனை விலையுள்ள இயந்திரம், இருபது வருஷம் இதையே பார்த்துப் பழகிய டாக்டர். இரண்டும் சேர்ந்து, குறை எங்கள் கண்ணில் இருக்கலாம் என்று ஒரு பருக்கையின் முன்னால் ஒப்புக்கொள்கின்றன. மனிதர்கள் இவ்வளவு அடக்கமாக ஒரு சொல்லைச் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.*

* தமிழில் 'தென்படவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. சாவி தென்படவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் நாலு நாளாகத் தென்படவில்லை என்றெல்லாம் தினமும் சொல்கிறோம். அவர் இல்லாமல் போய்விட்டார் என்று யாரும் அழுவதில்லை.

4

இனிதான் சிக்கல். இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் ஒன்று இருக்கிறது. அது என் மனைவி.

அவளுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து வரும் கண்ணாடிப் பாட்டில்களில் மயிரிழை விரிசலும் குமிழியும் தேடுவாள். கடைக்குப் போனால் எங்களுக்கு வைத்த தண்ணீர் டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "வேற குடுங்க" என்பாள். கடைக்காரர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் அவள் சொன்னது இது:

"நான் பாத்தேங்க."

"எதை?"

"துடிப்ப. டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பிட்டாரு. ஆனா சுவரோரம் கண்ணாடி அலமாரி இருக்குல்ல, அதுல தெரிஞ்சுச்சு. சின்னக் குமிழி இருந்தா, நேரா பாத்தா தெரியாது. பாட்டில் திரும்பும்போது ஒருதரம் மினுக்கிட்டுப் போயிடும். அந்த மாதிரி. மூணு தடவ."

நானே கற்பனை செய்து எழுதியிருந்தால் இந்த இடத்தை அடித்திருப்பேன். கண்ணாடி பார்க்கிறவள் கண்ணாடியில் பார்க்கிறாளாம். ரொம்பப் பொருத்தம். ஆசை இப்படித்தான் பொருத்தமாகக் கதை கட்டும் என்று எனக்குத் தெரியாதா? (இதே தொழிலில் இருப்பவன்.) ஆனால் அவள் பாட்டிலைப் பற்றிச் சொல்லி ஒருநாளும் தப்பானதில்லை. நம்பினால், பத்தாம் நாள் விழும் அடி இன்னும் பலமாக விழும். நம்பாவிட்டால், அவள் மட்டும் தனியாக நம்பிக்கொண்டிருப்பாள்.

5

நாலாம் நாள் அக்கா வந்தபோது என் மனைவி நேரடியாகவே கேட்டாள்.

"அக்கா, நான் பாத்ததையும் ரிப்போர்ட்ல ஒரு வரி சேக்க முடியுமா?"

"அதுல டாக்டர் பாத்தது மட்டும்தாம்மா வரும்."

"அப்போ நான் பாத்தது எங்க வரும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு அந்த வார்த்தைய அடிக்கறதுக்குள்ள மூணு தடவ தப்பா அடிச்சு அழிச்சேன். விரல் தானா போன தடவ வந்த வார்த்தைக்கே போயிடுச்சு" என்றாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் மனைவி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். நான் நம்புகிறேனா இல்லையா என்பது இருக்கட்டும். அவள் பார்த்தது எங்காவது பதிவாக வேண்டும்: மூன்று தடவை, அலமாரிக் கண்ணாடியில், இடம் வலம் மாறி.

6

முடிவுகள்:

(அ) டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். துடிக்கிறது.

(ஆ) டாக்டர் இந்த முறையும் வெகுநேரம் பேசாமல்

(இ) கரண்ட் போய்விடுகிறது. எல்லோரும் வேறொரு நாள் வருகிறார்கள்.

ஒன்பதாம் நாள் என் மனைவி நோட்டை எடுத்துப் படித்தாள். மூன்றின் மீதும் குறுக்கே கோடு போட்டாள்.

"இ கூடவா வேண்டாம்?" என்றேன்.

"பாட்டில் வர்றதுக்கு முன்னாடியே நல்லது கெட்டதுன்னு பிரிச்சா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க. நீங்க மட்டும் வராததப் பாத்து எழுதுறீங்க." பிறகு இரண்டாம் பகுதிக்குத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தாள். "இது பொய்."

கணவர்களை உள்ளே விடுவதில்லை என்ற வரி. ஆமாம், பொய்தான். விடுவார்கள். இரண்டு முறையும் நான்தான் போகவில்லை. எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும் என்று அவளிடம் ஏதோ உளறியிருந்தேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நீங்களும் உள்ள வரணும். எனக்கு ஒரு ஜோடிக் கண் பத்தல" என்றாள்.

7

பத்தாம் நாள், காலை. இதைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இதுவரை பார்க்காத எத்தனையோ விஷயம் உடம்புக்குள் இருந்து வெளியே வந்து, சொல்லாகி, என் அக்காவின் விரல் வழியாகப் போயிருக்கிறது. நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

கதவு திறந்தது. அக்காவே வந்து நிற்கிறாள். "வாங்க" என்கிறாள், இருவரையும் பார்த்து.

முடிவை எழுத வேண்டுமானால் நான் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் எழுந்து போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய எனக்குத் தெரியாது; இத்தனை நாள் தெரிந்ததுபோல் நடித்தேன்.

நோட்டைப் பெஞ்சில் விட்டுப் போகிறேன். பாக்கிப் பக்கம் உங்களுடையது. நீங்கள் எழுதினாலும் சரி, ஒன்றும் எழுதாமல் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. அவள் எழுந்துவிட்டாள். நானும் எழுந்திருக்கிறேன்