உயிரோடு, முகவரி தெரியாது

கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருக்கிறது, என்ன எழுதப்போகிறாய், கெதியாய் எழுது என்று அவசரப்படுத்துகிற மாதிரி, சுகிர்தா விசைப்பலகையில் கையை வைத்தபடி இருக்கிறாள், உடன்பிறந்தோர் என்ற தலைப்புக்குக் கீழே பவநிதன் என்ற பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, அடுத்த கட்டம் இறந்தவராயின் இறந்த தேதி என்று கேட்கிறது, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருக்கிறாள், காய் ஒவ்வொன்றும் டக் டக்கென்று முறிகிறது, அண்ணன்ட பேர் போட்டனியோ, போட்டிட்டன் அம்மா, விலாசம், தெரியாதெண்டு போடுறன், ஏன் தெரியாது, எங்கட வீட்டு விலாசத்தைப் போடு, வந்தால் அங்கதானே வருவான். அம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கிறாள் இல்லை, சுகிர்தா என்ன எழுதினாலும் அந்தக் கண் அதைப் படித்துவிடும் என்று பயமாயிருக்கிறது. பதினொரு வருடம் மணித்தியாலக் கூலிக்கு மொழிபெயர்த்துத் திரிந்தவள் அவள், அகதி விசாரணைக்கு இன்றைக்கு, ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு, பனியென்றும் மழையென்றும் பார்க்காமல் ஓடினவள், இப்போதுதான் அரச திணைக்களம் ஒன்றில் நிரந்தர வேலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது, ஆனால் அதற்கு முன் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்கு இந்தப் படிவம் வேண்டும். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு பின்னேர வேலை, இடையில் எழும்பி இரண்டுதரம் கோப்பியும் குடிக்கலாம், பிறகு வந்து பிரஜையானவளுக்கோ பிறந்த மண்ணிலிருந்து கிண்டிக்கொண்டு வரவேண்டும், யார் யார் சொந்தம், எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய். பிரஜையாகிச் சத்தியம் செய்த அன்று கையில் தந்த சின்னக் கொடியை அம்மா துளசிச் சாடியில் குத்தி வைத்திருக்கிறாள், அது வெளிறி ரோசா நிறமாகிவிட்டது.

அம்மா கோயிலுக்கு வெளிக்கிட்டதும் அந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், பதினான்கு வருடத்துக்கு முதல் எழுதினதையே இங்கேயும் எழுதினால் தீர்ந்தது காரியம், ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, சுவரில் தொங்கிய கோயில் கலண்டரை அம்மா எட்டிப் பார்க்கிறாள், பத்தரைக்கு ராகுகாலம் பிள்ளை, அதுக்கு முதல் அனுப்பு, நல்ல காரியத்தை ராகுகாலத்தில செய்யக்கூடாது, இன்னும் ஐஞ்சு நிமிசம்தான் கிடக்கு. இறந்த தேதி வெறுமையாகக் கிடக்க, நிலை என்ற இடத்தில் உயிரோடு, முகவரி தெரியாது என்று அடித்து அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். இங்கே கதை சொல்கிற எனக்கே அந்த இடத்தில் கையைப் பிடித்து இழுக்கவேண்டும் போலிருக்கிறது, ஒரு அரசாங்கத்தின் கேள்விக்கு நல்ல நேரம் பார்த்துப் பிழையான பதிலை அனுப்புவதென்றால் எங்கள் ஆட்களால்தான் முடியும். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நெற்றியில் விபூதி பூசிவிட்டாள், சுகிர்தாவுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

ஏனென்றால் பதினான்கு வருடத்துக்கு முதல் வேறொரு மேசை, வேறொரு காகிதம், அகதி வழக்குக்கு வந்த சட்டத்தரணி பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார், காணாமல் போனவர் என்றால் ஆயிரம் கேள்வி வரும், யாரோடு போனார், இயக்கத்திலிருந்தாரா, இப்போது எங்கே என்று, இறந்தவர் என்றால் ஒரு கேள்வியோடு முடியும், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். யோசிக்கவில்லை, எழுதினாள், சகோதரர் இறந்துவிட்டார் என்று எழுதிச் சத்தியம் செய்து ஒப்பமும் வைத்தாள், அறைக்குத் திரும்பிவந்து குளிர்தண்ணீரில் தலைக்கு முழுகினாள், செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் முழுகுகிற மாதிரி, ஏன் இந்த நேரத்தில் முழுக்கு என்று கூட இருந்தவள் கேட்டதற்குத் தலையிடி என்றாள். உயிரோடிருக்கிற அண்ணனைப் பேனையால் கொன்றுவிட்டேன் என்று அன்றைக்குத் தோன்றியது, ஒருநாளும் அது விட்டுப்போகவில்லை, ஐந்து வருடம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டெடுத்து விமானநிலையத்தில் கட்டிப்பிடித்தபோதும் அதுதான் நெஞ்சில் நின்றது, இந்த அம்மாவுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தால்.

படிவம் போய் ஆறாவது கிழமை, நேரில் வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. ஐந்தாம் மாடி, சத்தத்தைக் குடித்துவிடுகிற தடித்த கம்பளம், நடக்கிறாள், தன் காலடி தனக்கே கேட்கவில்லை, கம்பளம் சாம்பல் நிறம், சண்டையின் கடைசியில் கடந்த நீரேரியும் அன்றைக்குச் சாம்பல் நிறமாய்த்தான் கிடந்தது, இடுப்பளவு தண்ணீரில் சனம் சனமாய்ப் போகிறது, தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறாள், காய்ச்சலில் வானமும் தண்ணீரும் ஒன்றாய்த் தெரிகிறது, அண்ணா எங்க அம்மா, பின்னால வாறான், நட, திரும்பிப் பாராத, நட, வந்து உட்காருங்கள் என்கிறாள் அதிகாரி. லொரேன் என்று பெயர் சொன்ன அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும், குட்டையாய் வெட்டிய நரைத்த தலைமயிர், அன்பான குரல், அந்த அன்புதான் கூடுதலாய்ப் பயமுறுத்தியது. மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள், ஒன்றைத் தொட்டாள், இதில் உங்கள் சகோதரர் இறந்துவிட்டார், மற்றதைத் தொட்டாள், இதில் உயிரோடிருக்கிறார், எது உண்மை. எத்தனை அறைகளில் எத்தனை பேருடைய பதில்களை மொழிபெயர்த்தவள் சுகிர்தா, தெரியாது என்ற ஒரே ஒரு சொல் தன் வாயில் வர அரை நிமிடம் பிடித்தது. தெரியாத ஒன்றைச் சத்தியம் செய்து சொன்னீர்களா, ஓம். கடந்த வருடம் வவுனியாவுக்கு நாற்பத்தொரு தொலைபேசி அழைப்புகள், யாருக்கு, என் சின்னம்மாவுக்கு, அவருக்குச் சலரோகம், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். லொரேன் எழுதிக்கொண்டாள், எழுதுகிற கையை மறைக்கவுமில்லை, அகதி விசாரணையில் பொய் சொல்லியிருந்தால் அதன் மேல் வந்த எல்லாமே மறுபடி பார்க்கப்படலாம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே என்று வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னாள். எல்லாமே என்றால் குடியுரிமை, எல்லாமே என்றால் அவள் கூப்பிட்டெடுத்த அம்மா. போர் நேரம் அங்கே உங்களோடு இருந்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான், அவருக்குச் சம்மதமென்றால் அவரோடு பேச விரும்புகிறேன், வியாழக்கிழமை காலை, மொழிபெயர்ப்பாளரை நாங்களே ஒழுங்குசெய்வோம், நீங்கள் அல்ல.

புதன்கிழமை முழுக்க அவள் அம்மாவுக்குப் பின்னால் திரிந்தாள், புட்டு அவிக்கிற இடத்தில் நின்றாள், உடுப்பு மடிக்கிற இடத்தில் இருந்தாள், அம்மா நாளைக்கு அண்ணாவைப் பற்றிக் கேப்பினம், கேக்கட்டும், என்ன சொல்லுவீங்கள், கேக்கிறதுக்குச் சொல்லுவன், இல்லையம்மா, அண்ணா, அதற்கு மேல் வாய் வரவில்லை. செத்துப்போனான் என்று சொல்லுங்கோ அம்மா என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது, அதுவும் ஒவ்வொரு பங்குனியும் உத்திரட்டாதி நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய், பவநிதன், உத்திரட்டாதி, மீனராசி என்று ஐயரிடம் பெயர் கொடுத்து, உயிரோடிருக்கிற பிள்ளைக்குச் செய்கிற அர்ச்சனை செய்து பூவும் பிரசாதமுமாய் வருகிற தாயிடம். படத்துக்கு மாலை போட விட்டதில்லை, திவசம் என்ற சொல்லை வீட்டில் எடுக்க விட்டதில்லை, முட்கம்பிக்குள் முகாமில் இருந்தபோதே சொன்னவள், மற்ற பஸ்ஸில ஏறினவனாம், கண்ட ஆக்கள் சொன்னவை, வருவான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அம்மாவின் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்கினால் அம்மா விழுந்துவிடுவாள் என்று சுகிர்தா அறுதியாய் நம்பினாள், அதனால் பிடுங்கவில்லை, வேலை போனாலும் போகட்டும், நாடு போனாலும் போகட்டும் என்று அந்தப் பின்னேரம் அவளுக்குள் ஏதோ ஒன்று கையை விரித்துவிட்டது.

வியாழக்கிழமை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மகள் அறையில் இருக்கலாம், பேசக்கூடாது, சைகையும் காட்டக்கூடாது என்றாள் லொரேன், மேசை நடுவில் தொலைபேசி, அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், தமிழ்நாட்டுக் குரல், வணக்கம் அம்மா, அவங்க கேக்குறத நான் உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றத அப்படியே அவங்களுக்குச் சொல்வேன், நல்லது தம்பி. உங்க மகன் பவநிதன் இப்ப எங்க இருக்காருன்னு கேக்குறாங்க. சுகிர்தா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா தன்னைத் திரும்பிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது, பிறகு அந்தப் பார்வை விலகியதும் தெரிந்தது. அவன் செத்துப்போனான் தம்பி, ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஏப்ரல் ஆறாம் திகதி, திங்கட்கிழமை, மத்தியானம் திரும்பினாப்பிறகு, ஷெல் விழுந்தது, நான்தான் தாட்டனான். எங்க புதைச்சீங்கம்மா, பங்கருக்குப் பின்பக்கம், பூவரச மரத்தடியில, மண்வெட்டி இல்லை, சட்டி மூடியால கிண்டினனான், மிச்சம் கையால. அந்தக் குரல் ஆங்கிலத்தில், நான்தான் அவனைப் புதைத்தேன், மண்வெட்டி இல்லை என்றது, தொழில் முறைப்படி நான் என்றே சொன்னது, மொழிபெயர்ப்பு சரி என்றுதான் சுகிர்தாவுக்கு முதலில் தோன்றியது, பதினொரு வருடப் பழக்கம், சொல்லுக்குச் சொல் சரி பார்த்து முடித்த பிறகுதான் சொல்லப்பட்டது என்னவென்று உறைத்தது.

அப்படியானால் அவர் உயிரோடிருக்கிறார் என்று உங்கள் மகள் ஏன் எழுதினார் என்றாள் லொரேன். அவளுக்குத் தெரியாது, நான் சொல்லேல்லை, பத்தொன்பது வயசுப் பிள்ளை, நெருப்புக் காய்ச்சல், தமையன் எண்டால் உயிர், சொல்லியிருந்தால் அந்த மண்ணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பாள், ரெண்டு கிழமையால தண்ணி கடக்க வேண்டி வந்தது, ஒண்டைத்தான் தாட்டிட்டன், மற்றதை நடத்தோணும், பின்னால வாறான் எண்டு சொன்னால்தான் நடப்பாள். அதுவரைக்கும் எங்கே என்று அவர் கேட்கவில்லையா, கேட்டவள், ஆம்பிளப் பிள்ளையளை வேற பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டனான். பிறகாவது சொல்லவில்லையா, பிறகு முகாம், பிறகு அவளை அனுப்பிறது, பிறகு நான் இங்க வரேக்க அவள் அண்ணா வருவான் அம்மா எண்டு எனக்கு ஆறுதல் சொல்லுறாள், நான் எந்த வாயால சொல்லுறது, அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அதைப் பிடுங்கினால் விழுந்திடுவாள் எண்டு நினைச்சன், வருசா வருசம் செத்த பிள்ளைக்கு உயிரோட இருக்கிற பிள்ளையின்ர அர்ச்சனை செய்தனான், கடவுளுக்கு முன்னால பொய் சொன்னனான், அதையும் எழுதச் சொல்லுங்கோ தம்பி.

லொரேன் பேனையைக் கீழே வைத்தாள், இரண்டு காகிதங்களில் பழையதை மேலே எடுத்தாள், உங்கள் மகள் பதினான்கு வருடத்துக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று சத்தியம் செய்திருக்கிறார் என்றாள், குரல் அதைத் தமிழில் சொன்னது, அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள், கோபமில்லை, அழுகையில்லை, அந்தப் பார்வைக்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்கும் தெரியவில்லை. பொய்யென்று நினைத்து வைத்த ஒப்பம் உண்மையாய்ப் போனது, அம்மாவுக்காக எழுதின உண்மைதான் பொய்யாய்ப் போனது, அரசாங்கத்துக்கு இப்போது எல்லாம் பொருந்திவிட்டது, ஆள் இறந்தவர், திகதி இருக்கிறது, கண்ட சாட்சி இருக்கிறது. இதைத் திருத்தி ஒப்பமிடுங்கள் என்று லொரேன் படிவத்தைத் தள்ளினாள், மேலிடத்துக்கு அனுப்பவேண்டும், ஆனால் என் பக்கத்தில் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன் என்றாள், பத்து வருடத்துக்கு ஒருமுறை இதே கேள்விகளைத் திரும்பக் கேட்போம் என்றும் சொன்னாள். 2009, 04, 06, சுகிர்தா எழுதினாள், எழுத்து நடுங்கவில்லை, அழகாயிருந்தது.

லிப்டுக்குக் காத்து நிற்கையில் அம்மா கேட்டாள், இனி வேலை தருவினமோ, தருவினம் போல கிடக்கு அம்மா. கதவு திறந்தது, இரண்டு பேரும் ஏறவில்லை, கதவு தானாக மூடிக்கொண்டது. அழு பிள்ளை, இப்ப அழலாம், இப்ப நடக்கிறதுக்கு ஒண்டுமில்லை என்றாள் அம்மா, அழுகை வரவில்லை, வந்ததெல்லாம் ஒரு கேள்விதான், அண்ணாவைத் தாட்ட நேரம் நான் எங்கயம்மா இருந்தனான். பங்கருக்குள்ள, பாயில, சுருண்டு கிடந்தனி, நான் தாட்டுப்போட்டு உள்ள வர முழிச்சுத் தண்ணி கேட்டனி, கோப்பை உடைஞ்சு போச்சு, கையில ஊத்தி வாயில வைச்சனான், கையைக் கழுவத் தண்ணி காணாது. அம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மண் கடிபடுது எண்டு சொன்னனி, பேசாமல் குடி எண்டனான், குடிச்சனி.