கெற்றும் லேபலும்

தங்கராசா கூட வேலை செய்யும் இமெல்டாவுக்குக் கொடுக்க வேண்டியது முந்நூற்று நாற்பது ஐரோ. ஆங்கில வகுப்புக்கென்று வாங்கிய காசு. ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு பொதிக் களஞ்சியத்தில் பதினெட்டு வருடம் பெட்டி தூக்கியவர் அவர். எழுத்துக் கூட்டவே நாற்பத்தைந்து வயதில்தான் பழகினார். களஞ்சியம் இப்போது ஓர் ஆங்கிலக் கொம்பனிக்குக் கைமாறிவிட்டது. மேற்பார்வையாளர் ஆக விரும்புகிறவர் ஆங்கிலக் கட்டளைக்கு வேலை செய்து காட்ட வேண்டும்.

அவரைக் கவிழ்த்தது ‘கெற்’ (get) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல். எழும்பினாலும் கெற், இறங்கினாலும் கெற், வாங்கினாலும் கெற், விளங்கினாலும் கெற்.

“இதெல்லாம் ஒரு சொல்லே, தங்கச்சி?”

பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்த இமெல்டா நிமிரவில்லை. “நீங்கள் மட்டும் என்னவாம் அண்ணை? சட்டை போடுறியள், கையெழுத்துப் போடுறியள், என்னோட சத்தமும் போடுறியள். நான் ஏதும் கேட்டனானே?”

தங்கராசா அவள் கையைப் பார்த்தார். எல்லாம் ஒரே மண்ணிறப் பெட்டி. ஹம்பேர்க் போகுமா, கேல்ன் போகுமா என்று சொல்வது லேபல்தான். கெற்றும் பெட்டிதான்; பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல்லைப் பார்த்தால் போதாதா? அன்றே மட்டைத் துண்டுகளில் அப், ஓஃப், இன் என்று எழுதிச் சமையலறை முழுக்க ஒட்டினார்.

சோதனை நாளில், “கெற் ஓஃப்” என்றாள் அதிகாரி. தூக்கு வண்டியிலிருந்து இறங்கினார். “கெற் இன்” என்றதும் ஏறினார். பிறகு இரண்டு மரத்தட்டுகளில் அடுக்கிய பெட்டிகளைக் காட்டி, “கெற் ரிட்” என்று என்னவோ சொன்னாள்.

ரிட். சமையலறையில் அப்படியொரு மட்டை இல்லை.

அவருக்கு முன் வந்த இருவரும் இந்த இடத்தில்தான் குத்துமதிப்பாக அவற்றைப் பாரவண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். தங்கராசா வண்டியை நிறுத்தினார். தெரியாத லேபலை எங்கும் அனுப்பக்கூடாது, ஒதுக்கி வைத்துக் கேட்க வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம்.

“நியூ லேபல்,” என்றார், தலை குனியாமல். “ஷோ மீ.”

அவள் குப்பைப் பக்கம் கையைக் காட்டினாள்; வீசிவிடு என்பதுதான் அது. கொண்டுபோய்க் கொட்டினார். “கேட்டது நீங்கள் ஒருவர்தான்,” என்று அங்கேயே பதவியைக் கொடுத்தாள்.

புதுச் சம்பளம் வந்த அன்று காசோடு இமெல்டாவிடம் போனார்.

“சந்தோசத்துக்குக் கடனை விட்டிட்டன் அண்ணை. கொண்டு போங்கோ.”

“அப்பிடி விடாதையும். நான் படிச்ச படிப்புக்கு நான்தான் காசு குடுப்பன்.”

தாள்களை எண்ணி வைத்தார். அவளுடைய கடன் கொப்பியை வாங்கித் தன் பெயருக்கு நேரே குறுக்குக் கோடு கீறினார். அடியில், ஓரெழுத்தும் பிசகாமல், கையெழுத்துப் போட்டார்.