ஜமுக்காளம் போர்த்திய விளக்குகள்

எங்கள் கருவேலம்பட்டித் தலைவர் பேயாண்டியின் கண்ணை 2003இல் உறுத்தியது பக்கத்து ஊர் வெளிச்சம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் சடையன்குளம். அங்கே பஞ்சாயத்துத் தலைவி பாக்கியம் டீச்சர், மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதவிக்கு வந்த கையோடு தெருவெல்லாம் சோலார் விளக்கு வாங்கிப் போட்டுவிட்டார். பேப்பரில் படம் வேறு. கரண்டு போனால் நாங்கள் இருட்டில் உட்கார்ந்து அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருப்போம். வார்டு மெம்பரான எனக்கே வயிறு எரிந்தது. தலைவருக்குச் சொல்லவா வேண்டும்?

"நம்ம ஊருக்கு மட்டும் வெயிலு வேற வெயிலாவா அடிக்குது?" என்று ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மனுவுக்கு மேல் மனு. கடைசியில் எங்களுக்கும் விளக்கு வந்தது. கலெக்டரே திறக்க வருகிறார், நன்றாகச் செய்கிற ஊரை மாதிரிப் பஞ்சாயத்து என்று அறிவிப்பார் என்ற செய்தியும் கூடவே வந்தது. அந்தப் பெயர் தலைவருக்கு வேண்டும். டீச்சருக்குப் போய்விடக் கூடாது என்பது அதைவிட முக்கியம்.

நட்டு முடித்த அன்று சாயங்காலமே விளக்குகள் தானாக எரிந்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் பதறிப்போனார்.

"கலெக்டரு திறக்குறதுக்கு முன்னாடியே எரிஞ்சா அது என்னய்யா திறப்பு விழா? அந்த ஊர்க்காரன் பாத்துட்டுப் பழசும்பான்."

அணைக்க ஸ்விட்ச் கிடையாது. வெயில் மறைந்தால் எரியும், வந்தால் அணையும். அதனால் கல்யாண ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து, மேலே இருக்கும் தகட்டையும் விளக்கையும் சேர்த்து மூடிக் கட்டச் சொன்னார். கம்பெனி ஆள் உமேஷ் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூடாதீங்கண்ணே, தகட்டுல வெயில் பட்டாத்தான் பேட்டரி ஏறும்."

"சிலையக்கூடத் துணி போட்டுத்தான்யா திறக்குறாங்க. போய் வேலையப் பாரும்."

விழா நாள் வரை ஜமுக்காளத்துக்குள் எப்போதும் இருட்டு. விளக்குகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் உள்ளுக்குள்ளேயே எரிந்து தீர்த்தன. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விழா அன்று தலைவர் இன்னொரு காரியமும் செய்தார். வெளிச்சம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று லைன்மேனிடம் சொல்லிப் பொழுது சாய்ந்ததும் கரண்டை நிறுத்த வைத்தார். டீச்சரை முன்வரிசையில் உட்கார வைத்தார். நன்றாகப் பார்க்கட்டுமே!

கலெக்டர் கயிற்றை இழுத்தார். ஜமுக்காளம் விழுந்தது, மேளம் கொட்டியது, விளக்கு எரியவில்லை. தெரு முழுக்கக் கயிறுகளை இழுத்துப் பார்த்தோம். எங்கும் கும்மிருட்டு. லைன்மேனைத் தேடினால் ஆளைக் காணோம். கண்மாய்க்கு அப்பால் சடையன்குளம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கலெக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்தார். "வெயில் படலைங்க சார், அம்புட்டுதான். துணியை எடுத்தாச்சுல்ல, இனி எரியும். மிச்ச விழாவை எங்க ஊர்ல வச்சுக்குவோம்."

கேசரி அண்டாவோடு ஊரே கண்மாய்க்கரை மேல் நடந்தது. அங்கே டீச்சர் எங்கள் தலைவரை நடு நாற்காலியில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார். மைக் இல்லாமலே வகுப்பறைக் குரலில் பேசினார்.

"பேயாண்டி அண்ணே மாதிரி அலைஞ்சவுக யாருமில்ல சார். மாதிரிப் பஞ்சாயத்துங்கிற பேரை அவுக ஊருக்கே குடுங்க."

கலெக்டர் சிரித்தார். இரண்டு ஊரையும் சேர்த்தே அறிவிப்பதாகச் சொன்னார். எங்கள் சனம் கை வலிக்கத் தட்டியது. தலைவர் மட்டும் சால்வையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "நினைச்சது கிடைச்சிருச்சுல்ல தலைவரே?"

"கிடைச்சுச்சா? அந்தம்மால்லய்யா குடுத்துச்சு" என்றார். "நாலு பேரு முன்னாடி என்னைய வாய்க்கு வந்தபடி வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."