வாங்காத முடிவு

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எச்.ஐ.வி. சோதனையும் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சோதனை எடுக்கும் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் ரேச்சல் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது இனிகோ தணிந்த குரலில் சொன்னார்.

"எடுக்காண்டாம் தாயி. எனக்கு அது இருக்கு. இருபத்தாறு வருசமா இருக்கு."

"மாத்திரை எங்கன வாங்குதீய?"

"எங்கனயும் வாங்கல."

ரேச்சல் பேனாவை வைத்தாள். "சரி அண்ணாச்சி. எதுக்கும் ஒருக்கா பாத்துருவோம்."

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் சின்ன அட்டையில் விழுந்தது. இருபது நிமிடம் ஆகும் என்றாள். இனிகோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இருபத்தொன்பது வயது. சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். நிச்சயித்த பெண் விஜிலாவோடு பனிமய மாதா திருவிழாவுக்குப் போனது அந்த வருடம்தான். சப்பரக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவள் அண்ணனுக்கு வாங்கிய முந்திரி மக்ரூனை வீடு போவதற்குள் இருவருமாகத் தின்று தீர்த்தார்கள். வெறும் பொட்டலத்தை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு, பின்னால் குஜராத்தில் வெராவல் மீன்பிடிப் படகுகளில் கிடந்த காலமெல்லாம் அவர் கூடவே இருந்தது.

அந்தத் திருவிழாவில் கூட்டாளிகளோடு ரத்ததானமும் செய்தார். இரண்டு வாரத்தில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல் சோதனையில் எச்.ஐ.வி. காட்டுகிறது, உறுதிசெய்ய இன்னொன்று எடுக்கவேண்டும் என்றார்கள். மறுபடி ரத்தம் கொடுத்தார். பத்து நாள் கழித்து முடிவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் போகவில்லை. கொச்சியில் எப்போதோ செய்த ஒரு தப்பு நினைவுக்கு வந்தது. நம்புவதற்கு அது போதுமாக இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் விஜிலாவின் அண்ணனிடம் சொல்லிவிட்டு வெராவலுக்கு ரயிலேறினார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு காய்ச்சலையும் கடைசிக் காய்ச்சல் என்றே நினைத்தார்.

ரேச்சல் உள்ளே கூப்பிட்டாள். அட்டையில் ஒரே கோடு இருந்தது.

"ரெண்டு கோடு விழுந்தாதான் சந்தேகம். கடைசி மூணு மாசத்துல யாரோடயாவது சேர்க்கை, ஊசி எதுவும் உண்டா?"

"ஒண்ணும் கிடையாது தாயி."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேறொரு வகை அட்டையிலும் பார்த்தாள். அதிலும் ஒரே கோடுதான்.

"ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி. முதல் சோதனை ஒருத்தரையும் தப்பவிடக் கூடாதுன்னு பாக்குறது. சில நேரம் இல்லாதவங்களுக்கும் இருக்குன்னு காட்டிரும். அதுக்குத்தான் அடுத்த சோதனை. இன்னைக்கும் ஒண்ண மட்டும் வச்சு இருக்குன்னு சொல்ல மாட்டோம்."

"அப்ப அந்த முடிவு அன்னைக்கே அங்கன கெடந்துருக்கும்."

"கெடந்துருக்கும்."

மறுநாள், விஜிலா வாக்கப்பட்டுப் போயிருந்த பெரியதாழைக்குப் பஸ் ஏறினார். விஜிலாவின் தலை பாதி நரைத்திருந்தது. ஆளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கொச்சி உட்பட ஒன்றையும் அவர் மறைக்கவில்லை.

"என் மூஞ்சி ஒங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சு ரெண்டு வருசம் கண்ணாடியே பாக்கல," என்றாள். "முடிவு வாங்கப் பயமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் போய் வாங்கியாந்துருப்பேன்."

இனிகோவுக்கு அழுகை வந்தது. அவள் தடுக்கவில்லை.

கடலுக்குப் போயிருந்த அவள் கணவர் ஜெர்சன் மத்தியானம் வந்தார். "இவுக இனிகோ. முன்ன எனக்குப் பேசி வச்சிருந்தவுக. ஆபரேஷன் இருக்கு, கூட ஆளில்ல," என்றாள்.

ஜெர்சன் வந்தவரை ஒரு பார்வை பார்த்தார். "சாப்புட்டியளா?" என்றார்.

அடுத்த புதன்கிழமை ஆபரேஷனுக்கு முந்தி, உறவினர் என்ற இடத்தில் ஜெர்சன்தான் கையெழுத்துப் போட்டார்.