பெற்றவளுக்குத்தான் கேன் தண்ணீர்

"டம்ளரைக் கீழ வை."

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தெருவில் நாலு பேர் காதில் விழுந்திருக்கும். கூடத்து வாசலில் நின்றுகொண்டு, பூனையை விரட்டுகிற குரலில் சொன்னாள். பெரியவள் டம்ளரை உதட்டுக்கு அருகில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஆறு மாத வயிறு. பெரியவள் என்றால் அந்த வீட்டின் மூத்த மருமகள், வயது இருபத்தாறுதான்.

"ஒரு வாய்தான் அத்தை. வயித்துல புள்ளை நேத்துக் காலையிலேர்ந்து அசையல. ஜில்லுனு தண்ணி குடிச்சா எப்பவும் உதைக்கும். அதான்..."

"அசையலைன்னா குழாய்த் தண்ணியக் குடி. யாரு வேணாங்கறா? எச்சில் பட்டுச்சா?"

"படல."

"அப்ப திருப்பி ஊத்து."

பெரியவள் கேனின் மூடியைத் திறந்து ஊற்றினாள். மாமியார் குனிந்து பார்த்தாள். கேனின் வயிற்றில் சாக்பீஸால் ஒரு கோடு. காலை எழுந்ததும் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கோடு போடுவது அவளுடைய முதல் வேலை. பல் விளக்குவதெல்லாம் அப்புறம். ஊற்றிய தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. அவங்க போனப்புறம் ஆஸ்பத்திரியப் பத்தி யோசிக்கலாம்."

அந்த வீட்டில் தண்ணீருக்கு வரிசை உண்டு. கேன் தண்ணீர் மாமியாருக்கு, வேலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு, வருகிற விருந்தாளிக்கு. பிள்ளை பெற்ற மருமகளுக்கும் உண்டு. பெறாதவளுக்கு வீட்டு ஆழ்குழாயில் வருவது. ஒரு வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள், தெரு முழுக்க இதே சட்டம்தான். முதல் கேன் வண்டி தெருவுக்குள் வந்த காலத்தில், கைக்குழந்தைக்காரிகளுக்கு முதலில் கொடுங்கப்பா என்று யாரோ நல்ல மனதோடு சொல்லியிருப்பார்கள். அந்த நல்ல மனது மாமியார்கள் கையில் அகப்பட்டு முறையாகிவிட்டது. பெற்றுக் காட்டட்டும், அப்புறம் குடிக்கட்டும்! பெறுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீருக்கோ பெற்றிருக்க வேண்டும். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

பெரியவளுக்கு இதற்கு முன்னால் மூன்று பிள்ளைகள் போயிருந்தன. ஒன்று நாலாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். மூன்றாவது பத்து மாதமும் இருந்து பிறந்தது, அழத்தான் இல்லை. "இதே குழாய்த் தண்ணியக் குடிச்சுத்தான் நான் ரெண்டு சிங்கத்தப் பெத்தேன். இவ வயித்துல கோளாறு, தண்ணியச் சொல்றா" என்பாள் மாமியார். அவள் பெற்ற காலத்தில் தெருக்கோடியில் சாயப்பட்டறை இல்லை, வெறும் பொட்டல்தான் கிடந்தது என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இப்போது பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறது என்பதை வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் வெளிறிய சிவப்பு. பிடித்துவைத்த அரை மணியில் மேலே எண்ணெய்ப் படலம் கட்டும். வாசலில் நின்ற மரம் மூன்று வருஷத்துக்கு முன்பே பட்டுப்போய், இப்போது துணி காயப்போடும் கயிற்றுக்குக் கம்பமாக நிற்கிறது. இந்தத் தண்ணீரைத்தான் பெரியவள் காய்ச்சி, துணியில் வடிகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அதைக் கலக்கி விடுகிறவன் அவள் புருஷன். பட்டறையில் அவனுக்குக் கழிவுத் தொட்டி வேலை. தெருவில் அவனை வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறையில் சுத்திகரிக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது; அதிகாரிகள் வருகிற நாளில் ஓடும், மற்ற நாளில் அதன் மேல் துணி காயும். தொட்டி நிரம்பினால் இவன் வால்வைத் திருப்புவான். சாயக்கழிவு அத்தனையும் பட்டறைக்குப் பின்னால் வற்றிக் கிடக்கும் பழைய ஆழ்குழாய்க்குள் இறங்கிப் போகும். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன பெரியவள் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அது நம்ம வீட்டுக் குழாய்க்குத்தானே வரும்?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"முன்னூறு அடி மண்ணுடி. மண்ணே வடிகட்டிடும். முதலாளியே சொல்லியிருக்காரு. வெளிய ஓட விட்டாத்தான் தப்பு, நாங்க உள்ளதானே விடறோம்?"

"அப்ப நீங்களும் அதையே குடிங்களேன்."

பதிலாக அவளுக்குக் கிடைத்தது ஓர் அறை. ஒரு வாரம் காது இரைந்தது.

நாலு மணிக்கு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். கொழுந்தனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அம்மாவும் அப்பாவும். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் பேசுகிற ஆள் அவள்தான் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சமையலறைக்கு வந்து பெரியவள் காதில் கிசுகிசுத்தாள்.

"அஞ்சு டம்ளர் கேன் தண்ணி அளந்து மேடையில வெச்சிருக்கேன். அஞ்சு பேருக்கு டீ. இஞ்சி தட்டிப் போடு."

வந்தவர்கள் இரண்டு பேர், மாமியார், இரண்டு பிள்ளைகள். ஐந்து சரியாகத்தான் இருந்தது. பெரியவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

நர்ஸ் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தாள். குழாயடியில் இருந்த வாளியின் விளிம்பில் ஊதா வளையம் படிந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெரியவளின் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்மா?"

"ஆறு."

"தலைப்பிரசவமா?"

"நாலாவது. மூணும் தங்கல." மாமியார் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவளுக்குப் பரபரத்தது. "நேத்துக் காலையிலேர்ந்து அசையலைங்கம்மா. கொஞ்சம் கை வெச்சுப் பாக்கறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸின் கை பாதி தூரம் நீண்டது.

"அவ கெடக்கா சம்பந்தியம்மா, பயந்தாங்கொள்ளி!" மாமியார் அதற்குள் வந்துவிட்டாள். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல எதையாவது சொல்லிக்கிட்டு... நீங்க உள்ள வாங்க."

நீண்ட கை திரும்பிப் போய்க் கைப்பையைச் சரிசெய்துகொண்டது. அந்தக் கை எத்தனையோ வயிறுகளைத் தொட்டுப் பார்த்த கை. சம்பளத்துக்குத் தொட்ட கை, சம்பந்தம் பேச வந்த இடத்தில் தொட மறுத்துவிட்டது.

கூடத்தில் பேச்சு தொடங்கியது. அடுப்படியில் நின்ற பெரியவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நேராவே கேக்கறேன் சம்பந்தி. தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல குடிக்கிறது எந்தத் தண்ணி?"

"கேன்தான்."

"எல்லாருமா?"

மாமியார் தொண்டையைச் செருமினாள். "புள்ளை பெத்தவளுக்குன்னு ஒரு முறை இருக்கு..."

"முறை இருக்கட்டும். நான் பிரசவ வார்டுல நிக்கறவ. இந்தத் தெருவுலேர்ந்து வர்ற கேஸ் அத்தனையும் எனக்குத் தெரியும். என் பொண்ணு இங்க காலடி வைக்கிற நாள்லேர்ந்து அவளுக்குக் கேன் தண்ணிதான். அது ஒண்ணுதான் நாங்க கேக்கறது."

"அட, அவ்வளவுதானா?" மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். இன்னொரு கேன் போடச் சொன்னாப் போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். வால்வும் சிரித்தான்.

பெரியவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கேன். இவ்வளவு சுலபமா? ஐந்து வருஷமாக அவள் கேட்டு, அழுது, அடி வாங்கி, மூன்று பிள்ளைகளைக் குழியில் வைத்துவிட்டு வந்தபிறகும் அசையாத முறை, வாசற்படிகூட மிதிக்காத ஒருத்திக்காக ஒரு சிரிப்பில் உடைந்துபோயிற்று. அப்படியானால் முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாதவள் என்பதுதான் சங்கதி. அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்த நர்ஸைப் போல வந்து உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. பெரியவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அளந்து வைத்த தண்ணீர் மேடையில் இருந்தது. பெரியவள் அதைத் தொடவில்லை. பின்கட்டுக்குப் போய் வாளியிலிருந்து ஐந்து டம்ளர் மொண்டு வந்தாள். தூளைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டாள், இஞ்சியை நன்றாகத் தட்டிப் போட்டாள், பாலையும் சர்க்கரையையும் தாராளமாக ஊற்றிக் கொட்டினாள். நிறமும் வாடையும் எங்கேயோ ஒளிந்துகொண்டன.

"டீ பிரமாதம்" என்றாள் நர்ஸ். வால்வு ஒரே இழுப்பில் பாதி டம்ளரைக் காலி செய்தான். மாமியார் குடித்துவிட்டு, பலகாரத் தட்டை எடுக்கச் சமையலறைக்குள் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அளந்து வெச்ச தண்ணி அப்படியே இருக்கு! எதுலடி டீ போட்ட?"

"குழாய்த் தண்ணியில அத்தை."

முதலில் எழுந்தவன் வால்வுதான். டம்ளரை வீசி எறிந்துவிட்டுக் குழாயடிக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தான்.

"அடிப்பாவி! முந்தாநாள்தான்டி கறுப்புச் சாயத் தொட்டி மொத்தத்தையும் தொறந்து விட்டேன்!"

"முன்னூறு அடி மண்ணு வடிகட்டிடும்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள் பெரியவள். குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள்.

அவன் மறுபடியும் தொண்டைக்குள் விரலை விட்டான். கொழுந்தன் பின்னாலேயே ஓடினான், அவன் பின்னால் மாமியார். நர்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டு, "வயசான மனுஷருக்கு இதக் கொடுத்துட்டாளே, கொலைகாரி" என்று புருஷனையும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வேளை டீ. ஒரே ஒரு வேளை. அதற்கே ஐந்து பேரும் ஒரு குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு, அதே குழாய்த் தண்ணீரால் வாய் கொப்பளித்தார்கள்.

பெரியவள் கூடத்துக்குப் போனாள். கேனின் குழாயைத் திருப்பி டம்ளரை நிரப்பினாள். உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடித்தாள். தண்ணீருக்கு எந்த ருசியும் இல்லை. தண்ணீர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். நெஞ்சு வரை ஜில்லென்று இறங்கியது. வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தாள்.

"கோட்டுக்குக் கீழ போகுதுடி! எடுடி கைய!" பின்கட்டு நிலைப்படியிலிருந்து மாமியார் அலறினாள். அடுத்த ஓங்கரிப்பு வந்து அவளைக் குழாயடிக்கே திருப்பியது.

பெரியவள் முந்தானையால் சாக்பீஸ் கோட்டை அழுத்தித் துடைத்தாள். இரண்டாவது டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். மறுபடியும் வயிற்றில் கை வைத்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

குழந்தை அசையவில்லை.

மூன்றாவது டம்ளருக்குக் குழாயைத் திருப்பினாள்.