பேச்சு நின்றால் நிறுத்து

கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம், "குனிஞ்சு நிமிர்ந்து வீட்டு வேலை செஞ்சாப் போதாதா?" என்று ஒரு கேள்வி வரும். போதாது. அப்படிக் குனிந்து நிமிர்ந்தவர்களில் எத்தனை பேர் பிள்ளை பெற்ற பிறகு ஒரு தும்மலுக்குத் துணி மாற்ற ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பத்து வருஷம் ஓட்டியவர்கள் எல்லாம் என்னிடம் வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது என்று முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா என்று என்மேலேயே கோபப்படுவார்கள்.

மருந்துக்கடைக்கு மேலே என் அறை. எட்டுப் பாய், எட்டு நாற்காலி, காற்றடித்த பெரிய பந்து நான்கு, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு வகுப்பு. இங்கே ஒரே ஒரு சட்டம்தான்: பேச்சு நின்றால் நிறுத்து. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து எழுகிறவள் பக்கத்தில் இருப்பவளிடம் தாராளமாகப் பேச முடியவேண்டும். பேச முடிந்தால் அளவு சரி. மூச்சு வாங்கி வாய் அடைத்தால் அளவு மீறிவிட்டது, உட்கார வேண்டியதுதான். அதனால் என் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். யார் வீட்டில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், யார் கணவன் குழந்தைக்குப் பேர் தேடுகிறேன் என்று சொல்லிக் கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

யாரையும் நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வங்கியில் வேலை பார்ப்பவள் வங்கி. துணி தைப்பவள் தையல். பள்ளியில் கணக்கு எடுத்தவள் டீச்சர்.

டீச்சருக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அவள் மாமியார் கூடவே வந்து வாசலில் உள்ள பெஞ்சில் உட்காருவார். கதவை ஒரு சாண் திறந்துவைக்கச் சொல்வார். "பிள்ளை கூப்பிட்டாக் காதுல விழணும்ல" என்பார். பிள்ளை என்று அவர் சொன்னது முப்பது வயது மருமகளை. கதவு திறந்திருக்கும்போது மருமகள் எந்தக் கதையைப் பேசுவாள்?

"நான் என்னத்தக்கா பேசறது?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கணக்கு டீச்சர்தானே, வாய்ப்பாடு சொல்லு" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். எல்லாரும் ஊர்வம்பு பேச, அவள் மட்டும் நாற்காலியைப் பிடித்தபடி ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு என்று ஏறுவாள். தையல்காரி சிரித்துச் சிரித்து, "உன் புள்ள கால்குலேட்டரோடதான் பொறக்கும்" என்பாள்.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தங்கமான மனுஷி. கணவனும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன். இரண்டு முறை கலைந்து மூன்றாவதாக நின்ற கர்ப்பம் என்பதால் அந்த வீட்டில் அவளைத் தரையில் நடக்கவிடவில்லை. மாடி அறையிலிருந்து கீழ் அறைக்குக் கட்டிலை இறக்கினார்கள். பள்ளிக்கூட வேலையை விடச்சொல்லி அவர்களே கடிதம் எழுதி, அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். கைப்பேசி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அதையும் மாமியார் தன் பையில் வைத்துக்கொண்டார். இந்த வகுப்புக்குக்கூட மருத்துவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

"பல்லு தேய்க்க மட்டும்தான் இன்னும் ஆள் வைக்கலக்கா" என்று ஒருநாள் காலணியைக் கழற்றும்போது காதோடு சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பு தொடங்கும்முன் மூன்று கேள்வி கேட்பேன். ரத்தம் பட்டதா, வலி உண்டா, மருத்துவர் புதிதாக ஏதாவது சொன்னாரா? எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே குரலில் "இல்லை" என்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் நேரம் போய்விடும் என்று மொத்தமாகவே கேட்டு வந்தேன். பன்னிரண்டு வருஷம் தொழில் செய்தவளுக்கு வருகிற மெத்தனம் அது.

ஏழாவது மாதம் நடக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. டீச்சர் பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் இருந்தாள். "பதிமூணாறு எழுபத்தெட்டு. பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு. பதிமூணெட்டு நூத்திரெண்டு."

"நூத்திநாலு டீச்சர்" என்றாள் வங்கி.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்தபடியே நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பதிமூன்றாம் வாய்ப்பாட்டை வருஷக்கணக்காகப் பிள்ளைகள் தலையில் ஏற்றியவள் அதில் தடுக்கி விழமாட்டாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வாய்ப்பாடு பேச்சே இல்லை. யோசித்துப் பேசுகிறவளுக்கு வலித்தால் பேச்சு நின்றுவிடும். மனப்பாடம் நிற்காது. உயிர் போனாலும் வாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"மத்தவங்க பக்கவாட்டில படுங்க" என்று சொல்லிவிட்டு அவளை மெதுவாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஆள் திரும்பவே இடமில்லாத அறை அது. இரண்டு பேரும் அந்த வயிறுமாக நின்றோம். அவள் உள்ளாடையில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

"எப்பலேருந்து?"

"செவ்வாக்கிழமைலேருந்து. கொஞ்சம்தான்க்கா."

"டாக்டர் என்ன சொன்னார்? உண்மையச் சொல்லு."

"போன ஸ்கேன்ல நஞ்சுக்கொடி கீழ எறங்கி கர்ப்பப்பை வாசல அடைச்சிருக்குன்னாங்க. எந்தப் பயிற்சியும் வேணாம்னாங்க. வீட்டுல நான் சொல்லல. கூட வந்த வீட்டுக்காரர் அப்ப வெளிய போன் பேசிட்டிருந்தார்."

ஸ்கேன் எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரண்டு வாரமாக, நான்கு வகுப்பு, நான் அவளை உட்கார வைத்து எழுப்பியிருக்கிறேன். ஒரு அறை விடலாம் என்று கை பரபரத்தது. யாரை அறைவது என்றுதான் தெரியவில்லை.

"உனக்கு அறிவிருக்கா? புள்ளை மட்டுமில்ல, நீயும் போயிருப்ப."

"தெரியும்க்கா." சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஆனா முடியும்னு ஒருத்தர் எங்கிட்ட சொல்றது இங்க மட்டும்தான். வீட்டுல எந்திரிச்சாலே ரெண்டு பேர் கையப் பிடிக்கறாங்க. இதச் சொன்னா இதுவும் போயிடும்." என் கையைப் பிடித்தாள். "நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். கால் வலின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா என்ன எந்திரிக்கவே விடமாட்டாங்க."

கால் வலி என்றால் மாமியார் நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தைலம் தேய்ப்பார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் நின்றேன். கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவள் சொன்னதும் உண்மைதானே.

கதவைத் திறந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து, "நீ மட்டும் இல்லன்னா எங்க கதி என்னம்மா? இனிமே நீ கிழிச்ச கோட்ட நாங்க தாண்டமாட்டோம்" என்றார். அந்தத் தோளிலிருந்து டீச்சர் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சரி, நீங்களுமா என்பதுபோலப் பார்த்தாள்.

நான்கு நாள் மருத்துவமனையில் வைத்துவிட்டு, ரத்தம் நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரசவம் வரை படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறகு மாமியாரிடமிருந்து தொலைபேசி வர ஆரம்பித்தது.

"வாசல் வரைக்கும் வந்து நிக்கட்டுமான்னு கேக்கறா."

"வேண்டாம்மா, டாக்டர் சொன்னபடி இருக்கட்டும்."

"நாற்காலியில உக்காந்து தன் துணிய மடிக்கறாளாம்."

"ரொம்ப நேரம் வேண்டாம்மா."

ஒவ்வொரு முறையும் பதிலை அங்கேயே திரும்பிச் சொல்வார்: "வேண்டாம்கறாங்க பாரு." ஒவ்வொரு முறையும் நான் சொன்னது சரிதான். அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. ஒன்றிலாவது தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "அவகிட்ட போனக் குடுங்க" என்பேன். "படுத்திருக்காம்மா, எழுப்ப வேணாம்" என்பார். மருத்துவர் பெயரைச் சொல்லி அடக்க முடியாத மருமகளை என் பெயரைச் சொல்லி அடக்கினார்கள். அவள் என்னை நம்பினாள், அதனால் அது பலித்தது.

அறுவை செய்து பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். செய்தி கேட்டு நான் அந்த எட்டு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஆறு வாரம் கழித்து மருத்துவர் பார்த்ததும் அவளை வகுப்புக்கு அனுப்பச் சொன்னேன். "உன்கிட்ட அனுப்பாம வேற யார்கிட்ட அனுப்பப்போறோம்?" என்றார் மாமியார்.

ஆறு வாரம் போனது. எட்டும் போனது. அவளுக்காக மூலையில் ஒரு பாயைக் காலியாகவே வைத்திருந்தேன். தையல்காரி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பதினோராம் வாரம் மாமியார் கூப்பிட்டார்.

"ஏம்மா, மொட்டை மாடி வரைக்கும் போய்ட்டு வரட்டுமான்னு கேக்கறா."

"டாக்டர் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. தையல் நல்லா ஆறிடுச்சு, நடந்து பழகணும்னு சொன்னார். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். நீ சொல்லு."

ஐந்து மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"தாராளமாப் போகலாம்மா. மாடி என்ன, தெருமுனை வரைக்கும் போகட்டும். வர்ற செவ்வாக்கிழமை வகுப்புக்கே வரட்டும். நடக்காம இருந்தாத்தான் அவளுக்குக் கெடுதல்."

அந்தப் பக்கம் குழந்தை லேசாகச் சிணுங்கியது. பிறகு மாமியாரின் குரல், எனக்கில்லை, திரும்பி உள்ளே பார்த்து, எப்போதும்போல அன்பாக:

"வேண்டாம்கறாங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்கறாங்க."

"நான் அப்படிச் சொல்லலைம்மா. போன அவகிட்ட குடுங்க" என்றேன். என் குரல் என் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

தள்ளி எங்கேயோ இருந்து டீச்சர் பேசினாள். இத்தனை மாதத்தில் அவள் குரலைக் கேட்டது அப்போதுதான்.

"சரி அத்தை. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."